‘கில்லி’யை 28 வயதில் பார்த்தால்... முத்துப்பாண்டியைக் கண்டு சிரிப்பு வரவில்லையே!

2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் ஒரே நாளில் நாடாளுமன்றத் தேர்தல். வெளியூரில் வேலை பார்க்கிற பிள்ளைகள் எல்லாம் ஓட்டுப் போட ஊருக்கு வந்திருந்தார்கள். மறுநாள் சனிக்கிழமை. விரலில் வைத்த மை மங்குவதற்குள் ‘கில்லி’ மறுபடியும் தியேட்டருக்கு வந்துவிட்டது.

வந்தது பழைய படம் மாதிரியே இல்லை. முதல் காட்சிக்குப் பேப்பர் பறந்தது. ‘அப்படிப் போடு’ பாட்டுக்கு சீட்டை விட்டு எழுந்து ஆடினார்கள். விஜய் அந்த பிப்ரவரியில்தான் கட்சி ஆரம்பிப்பதாக அறிவித்திருந்தார். ‘இனி இவரைத் திரையில் எத்தனை முறை பார்க்க முடியும்?’ என்ற ஏக்கமும் அந்த விசிலில் கலந்திருந்தது. புதுப்படங்களே காற்றாடிக்கொண்டிருந்த அந்தக் கோடையில், தியேட்டர்காரர்கள் முகத்தில் சிரிப்பை வரவழைத்தது 20 வருடத்துக்கு முந்தைய ஒரு கபடி வீரன் கதை.

படம் முதலில் வெளியானது 2004 ஏப்ரல் 17. அதுவும் சனிக்கிழமைதான், அதுவும் நாடாளுமன்றத் தேர்தல் வருடம்தான். முழுப்பரீட்சை முடிந்து லீவு விடுகிற நேரம். அன்றைக்கு எட்டு வயதில் அப்பா மடியில் உட்கார்ந்து பார்த்த குழந்தைக்கு, மறுவெளியீட்டின்போது வயது 28. படம் வந்தபோது விஜய்க்கு வயது 29, த்ரிஷாவுக்கு 21 நிறையவில்லை. அதாவது, அன்று அண்ணாந்து பார்த்த ‘தனலட்சுமி அக்கா’ இன்றைக்குத் தங்கச்சி வயசுப் பெண்!

ஒரு படத்தை முழுசாகப் புரட்டிப் போட இந்த ஒரு கணக்கு போதும்.

புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் கரையாம்புத்தூர் மாதிரி ஓர் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். பாகூர் வட்டாரத்தைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பார்கள். வயலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் தமிழ்நாடு வந்துவிடும். புதுப்படம் பார்க்க வேண்டுமென்றால் பாண்டி டவுனுக்கோ கடலூருக்கோ பஸ் ஏற வேண்டும். குடும்பத்தோடு போய்வரும் செலவுக்கு வீட்டில் ஒரு பஞ்சாயத்தே நடக்கும். அதனால், இப்படிப்பட்ட ஊர்களில் வளர்ந்த பலருக்கு ‘கில்லி’ தியேட்டர் படம் இல்லை. லீவு நாள் டி.வி படம். ‘இந்தியத் தொலைக்காட்சிகளில் முதல்முறையாக’ என்று ஒரு வாரம் முழுக்க விளம்பரம் ஓடும். பண்டிகைக்குப் பலகாரத் தட்டோடு உட்கார்ந்தால், விளம்பர இடைவேளையில் தட்டு காலியாகும். அதற்கப்புறம் பொங்கல், ஆயுத பூஜை, ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என்று அது வந்துகொண்டே இருந்தது. எந்த இடத்தில் சேனலைத் திருப்பினாலும் கதை புரியும். எந்த வசனத்துக்கு அடுத்து எந்த வசனம் என்று வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்.

எட்டு வயசுப் பிள்ளையின் ‘கில்லி’யில் தனலட்சுமி முக்கியமே இல்லை. முக்கியமான ஆள், தங்கச்சி புவனா. ஜெனிபர் நடித்த அந்தக் குட்டிப்பெண், அண்ணன் வேலுவைப் போட்டுக்கொடுப்பதும், அவன் அவளை மடக்குவதும், நடுவில் ஜானகி சபேஷ் அம்மாவாக அல்லாடுவதும்... அண்ணன் தங்கை இருக்கிற எந்த வீட்டிலும் அது அப்படியே நடக்கும் கதை. பிறகு கபடி. ப்ரோ கபடி லீக் 2014-ல்தான் வந்தது. டி.வி-யில் கிரிக்கெட் மட்டுமே விளையாட்டாக இருந்த காலத்தில், பொங்கலுக்கு ஊர்த் திடலில் சுண்ணாம்புக்கோடு போட்டு ஆடும் ஆட்டத்தை விஜய் ஆடினார் என்பது கிராமத்துப் பையன்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம்! பிறகு கார் துரத்தல், கலங்கரை விளக்கம், மொட்டைமாடி அறையில் ஒரு அக்காவை வீட்டுக்குத் தெரியாமல் ஒளித்துவைக்கிற கண்ணாமூச்சி. சாப்பாட்டைத் திருட்டுத்தனமாக மேலே கொண்டுபோகிற காட்சிகளுக்கு விழுந்து விழுந்து சிரித்திருப்போம்.

அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் வந்தால் ‘ஹோம் அலோன்’ போடுவார்கள். 1990-ல் வந்த படம். திருடர்களுக்கு ஒரு பொடியன் வைக்கிற பொறிகள்தான் சின்ன வயதில் கண்ணுக்குத் தெரியும். பிள்ளை பெற்ற பிறகு அதே படத்தைப் பார்ப்பவர்களுக்கு, மகனை வீட்டில் மறந்துவிட்டு விமானத்தில் பறந்துபோன அம்மாவின் தவிப்புதான் கண்ணில் நிற்கும். ‘கில்லி’யிலும் அதேதான் நடக்கிறது. ஆனால், இங்கே புதிதாகத் தெரிவது தவிப்பு மட்டும் இல்லை, இரண்டு பிணங்கள்.

தனலட்சுமிக்கு இரண்டு அண்ணன்கள். அவளைக் கட்டிக்கொடுக்கச் சொல்லி முத்துப்பாண்டி நிற்க, ஒருவர் மறுக்கிறார், கொல்லப்படுகிறார். அதைக் கேட்கப்போன இன்னொருவரும் கொல்லப்படுகிறார். முத்துப்பாண்டியின் அப்பா அமைச்சர். யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது? இரண்டு மகன்களைப் பறிகொடுத்த அப்பா, மிச்சமிருக்கிற மகளாவது பிழைக்கட்டும் என்று பணம், நகை, படிப்புச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் கையில் கொடுத்து, அமெரிக்காவில் இருக்கும் உறவினர் வீட்டுக்குப் போய்விடச் சொல்கிறார்.

இந்தப் பகுதி படத்தில் கொஞ்ச நேரம்தான். சின்ன வயதில் இது ‘வில்லன் கெட்டவன்’ என்று சொல்கிற பகுதி, அவ்வளவுதான். பாத்ரூம் போய்வர உகந்த நேரம். இப்போது பார்த்தால் அந்த வீட்டை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக ஒரு பெண்ணின் மொத்த வாழ்க்கையும் ஒரு பைக்குள் அடங்குகிறது. அதில் சான்றிதழ்களை மறக்காமல் வைக்கச் சொல்கிற அப்பாவை, வேலைக்காக ஊரை விட்டுக் கிளம்பிய எந்தப் பெண்ணுக்கும் அடையாளம் தெரியும்.

அதற்கப்புறம் அந்த அப்பா, அம்மாவின் கதி என்ன? படம் அதைப் பற்றி ரொம்பக் கவலைப்படுவதில்லை. வேலு காரைக் கிளப்பிவிட்டான், நாமும் கூடவே கிளம்பிவிட்டோம். தனலட்சுமிக்கும் துக்கம் காக்க நேரம் தரப்படவில்லை. அண்ணன்கள் இருவரைப் பறிகொடுத்தவள், முன்பின் தெரியாத ஒருவனின் அறையில் ஒளிந்திருக்கிறாள். அந்தச் சூழ்நிலையைத்தான் படம் கண்ணாமூச்சியாக ஆடிக்காட்டுகிறது. கமர்ஷியல் படத்தின் வேகத்துக்கு அது தேவை என்பது சரிதான். தரணியின் திரைக்கதை எங்கேயும் மூச்சு வாங்குவதில்லை என்பதால்தானே 20 வருடம் கழித்தும் அரங்கம் நிறைந்தது! ஆனால், த்ரிஷாவின் முகத்தைக் கவனித்துப் பார்த்தால், பயம் முழுசாகப் போன மாதிரி சில இடங்களில் அவர் நடிக்கவே இல்லை என்பது தெரியும். எட்டு வயதில் அது தெரிய வாய்ப்பில்லை.

சரி, முத்துப்பாண்டிக்கு வருவோம்.

மறுவெளியீட்டில் விஜய்க்கு அடுத்து அதிகக் கைதட்டல் வாங்கியவர் பிரகாஷ்ராஜ்தான். அந்தச் ‘செல்லம்’ வரும்போதெல்லாம் அரங்கமே சேர்ந்து சொன்னது. அதில் ஆச்சர்யம் இல்லை. இத்தனை ஆண்டுகளில் முத்துப்பாண்டி ஒரு மீம் ஆகிவிட்டார். ‘பாவம்யா மனுஷன், உண்மையா லவ் பண்ணாரு’, ‘முத்துப்பாண்டிக்கு நியாயம் வேண்டும்’ என்றெல்லாம் விளையாட்டாகப் போடுகிற பதிவுகளுக்குக் குறைவே இல்லை. பிரகாஷ்ராஜின் நடிப்பும் அப்படி. கொஞ்சல், கெஞ்சல், குழந்தைத்தனமான பிடிவாதம் எல்லாவற்றையும் கலந்து, கொலைகாரனைச் சிரிக்க வைக்கிற ஆளாக ஆக்கியிருப்பார். வெறுமனே உறுமுகிற வில்லனாக நடித்திருந்தால் இத்தனை வருடம் யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

அந்தக் கொஞ்சலைத்தான் இப்போது வேறு மாதிரி கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு பெண் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டாள். அவள் வீடே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அதற்கு விலையாக இரண்டு உயிர்கள் போன பிறகும், ‘நான் உன்னை எவ்வளவு நேசிக்கிறேன் தெரியுமா’ என்று ஒருவன் உருகுகிறான் என்றால், அது காமெடியா? பிடிக்காதவன் தொடர்ந்து அனுப்பும் குட்மார்னிங் மெசேஜ்களை ஒருமுறையாவது பார்த்தவர்களுக்கு, பஸ் ஸ்டாப்பில் தினமும் ஒரே முகம் நிற்பதைக் கவனித்தவர்களுக்கு, அந்தக் குரல் ரொம்பப் பரிச்சயமானது. அரங்கமே சிரிக்கும்போது, அந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிற சில பெண்களுக்கு மட்டும் சிரிப்பு தொண்டையில் நிற்பது அதனால்தான்.

ஆனால், ‘கில்லி’யைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதைச் சொல்லவில்லை. உண்மையில் கதை நேரெதிர்.

பெண் பின்னாலேயே போவது, மறுத்தாலும் விடாமல் துரத்துவது, ‘உன்னைக் கட்டாமல் விடமாட்டேன்’ என்று சபதம் போடுவது... இதெல்லாம் தமிழ் சினிமாவில் பெரும்பாலும் யார் செய்கிற வேலை? ஹீரோ செய்கிற வேலை! 2001-ல் வந்த ‘மின்னலே’யில் நாயகன், நாயகிக்கு நிச்சயித்த மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லிக்கொண்டே அவளைக் காதலிப்பான்; நாமும் அதை ரசித்தோம். 2016-ல் வந்த ‘ரெமோ’வில் நிச்சயமான பெண்ணின் மனதை மாற்ற நாயகன் நர்ஸ் வேஷம் போடுவான், அந்தப் படத்துக்கு அப்போதே கண்டனங்கள் எழுந்தன. இரண்டுக்கும் நடுவில் வந்த படங்களைப் பட்டியல் போட்டால் இந்தப் பக்கம் போதாது.

‘கில்லி’யில் அந்த வேலையை வில்லனிடம் கொடுத்துவிட்டார்கள். வேலு ஒருநாளும் தனலட்சுமி பின்னால் போவதில்லை. அவள் யார், பெயர் என்ன என்று தெரிவதற்கு முன்பே, ஒரு பெண்ணை நாலு பேர் இழுத்துப்போவதைப் பார்த்துத் தலையிடுகிறான். பிறகு அவன் நினைப்பெல்லாம் அவளை எப்படியாவது விமானம் ஏற்றிவிட வேண்டும், தான் கபடி இறுதிப்போட்டிக்குப் போக வேண்டும் என்பதுதான். மனது முதலில் மாறுவது அவளுக்கு. அவனுக்கு அது உறைக்கவே வெகுநேரம் ஆகிறது. ஒளித்துவைத்த அறையில்கூட அவன் அவளிடம் எதையும் கேட்பதில்லை. பெண்ணைக் காப்பாற்றியதற்குக் கூலியாக அவளையே கேட்காத ஹீரோ! இந்த நல்ல விஷயம் அன்றைக்கு யார் கண்ணிலும் படவில்லை. இன்றைக்கும் ‘மாஸ் சீன்’ வரிசைகளில் அது வருவதில்லை.

இதன் பெருமையில் பாதி தெலுங்கு இயக்குநர் குணசேகருக்குப் போக வேண்டும். 2003 சங்கராந்திக்கு மகேஷ் பாபு, பூமிகா நடித்து வந்த ‘ஒக்கடு’தான் மூலம். அங்கேயும் வில்லன் பிரகாஷ்ராஜ்தான். கர்னூல் மதுரையானது, ஹைதராபாத் சென்னையானது, சார்மினார் கலங்கரை விளக்கமானது. பிறகு கன்னடத்தில் ‘அஜய்’, இந்தியில் 2015-ல் ‘தேவர்’ என்று கதை ஊர் ஊராகப் போனது. எந்த ஊருக்குப் போனாலும், அதிகாரமுள்ள வீட்டுப் பையன் ஒரு பெண்ணைத் தனக்கு வேண்டும் என்று சொன்னால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டிய அவசியமே எந்த மொழியிலும் இருக்கவில்லை. பார்த்தவர்களுக்கு உடனே புரிந்தது.

புதுச்சேரிக்காரர்களுக்கு இது வெறும் சினிமா விஷயம் இல்லை. 2012 நவம்பரில், இதே யூனியன் பிரதேசத்தின் காரைக்காலில், தீபாவளிக்கு ஊருக்கு வந்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பிய ஓர் இளம் பொறியாளர் மீது ஆசிட் வீசப்பட்டது. வீசியவனின் காதலை அவர் ஏற்கவில்லை என்பதுதான் காரணம். பார்வையை இழந்து, மூன்று மாதம் போராடி, 2013 பிப்ரவரியில் அவர் இறந்துபோனார். பண்டிகை லீவு முடிந்து, பையோடு பஸ் ஏறக் கிளம்பிய பெண். பாகூர், வில்லியனூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து சென்னைக்கு வேலைக்குப் போன எத்தனையோ பெண்கள், அதற்கப்புறம் ஒவ்வொரு பண்டிகைக்கும் அப்படித்தான் பையோடு பஸ் ஏறினார்கள். 2016 ஜூனில் சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் காலை நேரத்தில், எல்லோர் கண்ணெதிரிலும் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். ‘சினிமா ஹீரோக்கள் பெண்களைத் துரத்துவதை எப்போது நிறுத்துவார்கள்?’ என்ற கேள்வி தமிழில் சத்தமாக எழுந்தது அதற்குப் பிறகுதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். ‘கில்லி’ வந்த 2004-ல், ஒரு பெண்ணை விடாமல் பின்தொடர்வதற்கென்று இந்தியத் தண்டனைச் சட்டத்தில் தனிப்பிரிவே கிடையாது. ஈவ்டீசிங்கில் ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்ததைத் தொடர்ந்து, 1998-ல் தமிழ்நாடு அரசு தனிச்சட்டம் கொண்டுவந்தது. ஆனால், அது தமிழ்நாட்டு எல்லைக்குள் செல்லும் சட்டம். நாடு முழுக்கப் பின்தொடர்தலைக் குற்றமாக்கிய 354டி பிரிவு 2013-ல்தான் வந்தது. இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவு. முதல்முறை நிரூபணமானால் மூன்று ஆண்டுகள் வரை, மறுபடியும் செய்தால் ஐந்து ஆண்டுகள் வரை சிறை. பெண் விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் தொடர்ந்து பேச முயல்வது, அவள் இணையத்தில் என்ன செய்கிறாள் என்று கண்காணிப்பது எல்லாமே இதில் அடங்கும்.

முத்துப்பாண்டிக்கு இது தெரிந்திருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டார் என்பது வேறு விஷயம். ஏனென்றால், படத்தில் போலீஸே அவருக்காகத்தான் தேடுகிறது! ஆஷிஷ் வித்யார்த்தி நடித்த சிவசுப்ரமணியன், நேர்மையான அதிகாரி, வேலுவின் அப்பா. மேலிடத்து உத்தரவு வருகிறது, கடமையைச் செய்கிறார். இரண்டு கொலைகள் நடந்த ஊரில் கொலைகாரனைத் தேடாத காவல் துறை, தப்பித்த பெண்ணைத் தேட மட்டும் சென்னை முழுக்க ஆட்களை இறக்குகிறது. ‘அப்பா தேடுகிற பொண்ணு மாடியிலேயே இருக்கு’ என்று அன்று கைகொட்டிச் சிரித்த காட்சி இது. அந்த அதிகாரி ஒருமுறைகூட ‘இந்தப் பெண் ஏன் ஓடினாள்?’ என்று ஆரம்பத்திலேயே கேட்டிருந்தால் இரண்டாம் பாதியே தேவைப்பட்டிருக்காது. கேட்க மாட்டார் என்பதுதான் சோகம். அதுதான் படத்திலேயே நம்பும்படியான விஷயமும்.

இவ்வளவு சொன்ன பிறகும் படம் பிடிக்காமல் போய்விட்டதா என்றால், இல்லை. வித்யாசாகரின் பின்னணி இசை ஆரம்பித்த உடனே கால் தானாகத் தாளம் போடுகிறது. ‘அப்படிப் போடு’வை அனுராதா ஸ்ரீராமுடன் பாடிய கேகே, 2022 மே மாதம் கொல்கத்தாவில் நிகழ்ச்சியை முடித்த சற்று நேரத்தில் இறந்துபோனார், 2024-ல் அரங்கம் அந்தக் குரலோடு சேர்ந்து கத்தியபோது அதை நினைத்துக்கொண்டவர்கள் இருப்பார்கள். ‘ஓட்டேரி நரி’யாக வரும் தாமு இப்போதும் சிரிக்க வைக்கிறார். புவனா இப்போதும் போட்டுக்கொடுக்கிறாள். கபடியின் கடைசி ரெய்டில் முடிவு தெரிந்தும் கை நகம் வாய்க்குப் போகிறது. பிடித்த படத்தில் பிடிக்காத ஒன்று புதிதாகத் தெரிவதற்கும், படமே பிடிக்காமல் போவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

இனி இது அடுத்த ரவுண்டு போகும். 2004-ல் மடியில் உட்கார்ந்தவர்கள், தங்கள் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு டி.வி முன்னால் உட்காரும் காலம். அந்தப் பிள்ளைகளும் புவனாவைப் பார்த்துத்தான் சிரிக்கப்போகிறார்கள். ‘அந்த மாமா ஏன் அக்காவை விடமாட்டேங்குறாரு?’ என்று மடியிலிருந்து ஒரு கேள்வி வந்தால் சேனலை மாற்றாமல் பதில் சொல்லலாம். அதற்கு ‘கில்லி’ வசதியான படம். வேலுவையும் முத்துப்பாண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாலே பாதி புரிந்துவிடும்.

மிச்சம் இருப்பது அந்த ஏர்போர்ட் காட்சி. பாஸ்போர்ட், டிக்கெட் எல்லாம் வேலு ஏற்பாடு செய்தாகிவிட்டது. உள்ளே போய் உட்கார வேண்டியதுதான் பாக்கி. சின்ன வயதில், ‘அய்யோ போகாதே, திரும்பி வந்துடு’ என்று டி.வி-யைப் பார்த்துக் கத்தியவர்கள் நாம். அவள் திரும்பி வந்து கபடித் திடலில் நிற்கும்போது துள்ளிக் குதித்தோம். இப்போதும் துள்ளத்தான் தோன்றுகிறது. கூடவே, விசாவுக்கு வரிசையில் நின்றவர்களுக்கும், ஹாஸ்டல் அட்வான்ஸுக்கு அம்மாவின் வளையலை அடகு வைத்தவர்களுக்கும் இன்னொரு கணக்கும் மனதில் ஓடுகிறது. அந்த அப்பா அன்றிரவு கொடுத்தனுப்பிய சான்றிதழ்கள் என்ன ஆயின? தனலட்சுமி அதற்கப்புறம் படித்தாளா, வேலைக்குப் போனாளா? மதுரைக்குப் போய் அம்மாவைப் பார்த்தாளா?

அதற்குள் கபடி ஜெயித்து, முத்துப்பாண்டி செத்து, படம் முடிந்து லைட் போட்டுவிடுகிறார்கள்.